ஃபோர்ஸ் ஃபீட்பேக் பெடல் வாங்குமுன்: பணம் எங்கே போக வேண்டும்?

கேள்வி இதுதான்: சிம் ரேசிங்கில் (கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுவதில்) ஓரளவு பழகிய ஒருவரிடம் லோட் செல் (கால் தரும் விசையை அளக்கும் உணரி) பிரேக்குடன் கூடிய நடுத்தர விலைப் பெடல் தொகுப்பு இருக்கிறது. அடுத்து, காலுக்கு அதிர்வையோ எதிர்விசையையோ திருப்பித் தரும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பெடலுக்கு மாற நினைக்கிறார். விலை குறைந்த ஒன்றை இப்போதே வாங்கிவிடலாமா, பொறுத்திருந்து பணம் சேர்த்து உயர்தரப் பெடலுக்கே போகலாமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று பெடல்களையும் மலிவாக மாற்றுவதைவிட, பிரேக்கை மட்டும் நல்லதாக மாற்றுங்கள். ஆக்சிலரேட்டரும் கிளட்சும் இப்போது இருப்பவையே போதும். அதற்கும் முன்பு, பெடல்களைப் பொருத்தியிருக்கும் சட்டம் வளைகிறதா என்று பாருங்கள். வளைகிறது என்றால் முதல் செலவு அங்கேதான். ஏன் என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன். வாங்குபவர்கள் கவனிக்கும் எண்களும் காலுக்குத் தெரியும் வேறுபாடுகளும் ஒன்றல்ல. அதனால் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விளம்பரங்களில் 'ஃபோர்ஸ் ஃபீட்பேக்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று, பெடலில் அதிர்வு மோட்டார் பொருத்தியது. ஃபனாடெக் கிளப்ஸ்போர்ட் வி3 பெடல்களில் இருக்கும் சிறு மோட்டார்களும், சிமாஜிக் பெடல்களில் மாட்டும் பி-ஹெச்பிஆர் அதிர்வுத் துண்டுகளும் இந்த வகை. இவற்றில் பெடலின் எதிர்ப்பை முடிவுசெய்வது ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். மோட்டார் அந்தப் பெடலை நடுங்க மட்டும் வைக்கிறது. மற்றது, எதிர்ப்பையே மோட்டார் உருவாக்கும் ஆக்டிவ் பெடல். பின்லாந்தின் கிரானைட் டிவைசஸ் நிறுவனம் சிமுக்யூப் என்ற பெயரில் கொண்டுவந்த ஆக்டிவ் பெடல்தான் வீட்டில் சிம் ரேசிங் செய்பவர்களிடையே இந்த வகையைப் பரவலாகத் தெரியவைத்தது. பின்னர் வந்த மோசா எம்பூஸ்டர் போன்றவை விலையை வெகுவாக இறக்கின. இவற்றில் நீங்கள் மிதிக்கும் ஸ்பிரிங் என்பது மென்பொருளில் வரைந்த ஒரு கோடு. அந்தக் கோட்டை மாற்றினால் பெடலும் மாறிவிடும்.

விலை குறைந்தது, கூடியது என்று ஒப்பிடுவதற்கு முன் இந்த இரண்டில் எது உங்களுக்கு வேண்டும் என்று தெளிவாகிவிட வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்பு) வேலை செய்வதும் சக்கரம் அப்படிப் பூட்டிக்கொள்வதும் காலில் தெரிந்தால் போதும் என்றால், கையில் இருக்கும் லோட் செல் பெடலில் அதிர்வு மோட்டார் சேர்த்தாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். அதற்காக ஆக்டிவ் பெடல் வாங்க வேண்டியதில்லை. ஒரு நாள் ஜிடி3 (சாலைக் காரை அடிப்படையாகக் கொண்ட பந்தயக் கார்), மறுநாள் ஃபார்முலா (சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்), அதற்கடுத்த நாள் பழைய பந்தயக் கார் என்று மாறி மாறி ஓட்டுபவராக இருந்து, ஒவ்வொன்றின் பிரேக்கும் அதனதன் இயல்போடு காலில் கிடைக்க வேண்டும் என்றால், அதைத் தருவது ஆக்டிவ் பெடல் மட்டும்தான். கார்பன் பிரேக் கொண்ட ஃபார்முலா காரின் பெடல் கல்லைப் போல் இருக்கும். மிகக் குறைந்த தூரமே நகரும். சாலைக் காரின் பெடல் நீளமாக, மென்மையாக அமுங்கும். சாதாரணப் பெடலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக, கழற்றி ரப்பர்களை மாற்ற வேண்டும். நடைமுறையில் யாரும் அதைத் தினமும் செய்வதில்லை.

இனி, ஆக்டிவ் பெடல் உள்ளே என்ன செய்கிறது என்று பார்ப்போம். மலிவானதும் உயர்தரமானதும் பிரியும் இடம் இதுதான். பெடல் கம்பியின் பின்னால் ஒரு சர்வோ மோட்டார், அதாவது சொன்ன இடத்துக்குத் துல்லியமாகப் போய் நிற்கும் மோட்டார். பரவலான அமைப்பில் அது ஒரு பால் ஸ்க்ரூவை (சுழற்சியை நேர் நகர்வாக மாற்றும் திருகை) சுழற்றுகிறது. ஸ்க்ரூ முன்னும் பின்னும் நகர்ந்து பெடலை நகர்த்துகிறது. நடுவில் ஒரு லோட் செல் உங்கள் கால் தரும் விசையை அளக்கிறது. 'இவ்வளவு விசை வந்தால் பெடல் இந்த இடத்தில் இருக்க வேண்டும்' என்று கட்டுப்பாட்டுப் பலகை கணக்கிட்டு மோட்டாரை அங்கே அனுப்புகிறது. இந்தச் சுற்று நொடிக்குப் பல நூறு முறை, நல்லவற்றில் பல ஆயிரம் முறை நடக்கிறது. கால் அழுத்துவதால் பெடல் இறங்குவதில்லை, கால் அழுத்துவதை உணர்ந்து மோட்டார் பெடலை இறக்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

முதல் விளைவு வேகம். நேர்ப்பாதையின் முடிவில் நாம் பிரேக்கை மெதுவாக அழுத்துவதில்லை. பத்தில் ஒரு நொடிக்குள் ஓங்கி மிதிக்கிறோம். அந்த நேரத்தில் பெடல் 30 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்றால் நொடிக்கு 300 மில்லிமீட்டர் வேகம் தேவை. நெம்புகோல் விகிதத்தை ஒதுக்கிவைத்துக் கணக்கிட்டால், ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் ஸ்க்ரூவை நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் மோட்டார் சுழற்றும்போது நொடிக்கு 250 மில்லிமீட்டர்தான் கிடைக்கும். மோட்டார் பின்தங்கிவிடும். அப்போது காலுக்கு எப்படி இருக்கும் தெரியுமா? முதலில் சுவரில் மிதித்ததுபோல் ஒரு தடை, அதன்பின் பெடல் தானாக உள்ளே இறங்கும். பிரேக் பிடிக்கும் அந்த முதல் கணத்தில்தான் கால் நம்பிக்கையோடு அழுத்த வேண்டும். அங்கேயே இந்தக் கோளாறு வந்தால் ஓட்டுநர் தன்னை அறியாமல் மெதுவாக மிதிக்கப் பழகிவிடுவார். 10 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டால் வேகம் இரட்டிப்பாகும், ஆனால் அதே மோட்டார் தரும் விசை பாதியாகிவிடும். வேகமும் விசையும் ஒருங்கே வேண்டும் என்றால் பெரிய மோட்டாரும் அதற்கேற்ற மின்வழங்கியும் வேண்டும். விலை ஏறுவதற்கான நியாயமான காரணங்களில் முதன்மையானது இது.

இரண்டாவது, கடினமான அமைப்பில் வரும் நடுக்கம். ஃபார்முலா காரைப்போல் பெடலைக் கல்லாக்கும்போது, மிகச் சிறிய நகர்வுக்குள் விசை பெரிதும் மாற வேண்டியிருக்கிறது. அளவீட்டில் சிறு தாமதம் இருந்தாலும், ஸ்க்ரூவில் மெல்லிய ஆட்டம் இருந்தாலும், மோட்டார் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும், மீண்டும் தாண்டும். பெடல் ரீங்காரமிடத் தொடங்கும். விலை குறைந்த பெடல் தயாரிப்பாளர்கள் இதை அடக்க மென்பொருளில் தணிப்பை, அதாவது நகர்வை மட்டுப்படுத்தும் எதிர்ப்பை, கூட்டிவிடுகிறார்கள். ரீங்காரம் நிற்கும், ஆனால் பெடல் சேற்றில் நகர்வதுபோல் மந்தமாகிவிடும். உயர்தரப் பெடலின் சிறப்பு 'எவ்வளவு அதிக விசை' என்பதில் இல்லை. மிகக் கடினமாக அமைத்தாலும் சத்தமின்றி, மந்தமின்றி நிற்பதில்தான் இருக்கிறது. முடிந்தால் வாங்குமுன் அதில் அமர்ந்து மிதித்துப் பாருங்கள். மிகக் கடினமான அமைப்பைத் தேர்ந்தெடுத்து, பாதி விசையில் காலை அசையாமல் வைத்திருங்கள். அதிர்வு விளைவுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும். பெடல் உயிரற்ற இரும்பைப்போல் அசையாது நின்றால் நல்ல பெடல்.

மூன்றாவது, சிறு விசைகள். விளம்பரத்தில் 200 கிலோ என்ற எண் பெரிதாக இருக்கும். ஆனால் சுற்று நேரத்தை, அதாவது தடத்தை ஒருமுறை சுற்றிவர ஆகும் நேரத்தை, முடிவுசெய்வது பெரும்பாலும் 5 முதல் 30 கிலோ வரை உள்ள பகுதி. வளைவுக்குள் நுழைந்தபடியே பிரேக்கை மெல்ல விடும் டிரெயில் பிரேக்கிங் முழுவதும் அங்கேதான் நடக்கிறது. மோட்டாரின் காந்தத் துருவங்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படுவது, ஸ்க்ரூவின் உராய்வு ஆகிய இரண்டும் பெரிய விசையில் மறைந்துவிடும். சிறு விசையில் அப்படியே காலுக்கு வரும். பெடலை விடும்போது அது படிப்படியாகத் துள்ளித் துள்ளி மேலே வந்தால், அந்தப் பெடலில் எத்தனை கிலோ உச்ச விசை இருந்தும் பயனில்லை.

இதை ஓர் உண்மையான வளைவில் வைத்துப் பார்க்கலாம். இத்தாலியின் மோன்சா பந்தயத் தடத்தின் முதல் சிக்கேன், அதாவது வேகத்தைக் குறைக்க வைத்த அடுத்தடுத்த வளைவுகள். ஜிடி3 கார் 270 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டு வருகிறது. அந்த வேகத்தில் காற்று காரைத் தரையோடு அழுத்துகிறது. டயருக்கு நிறைய பிடிப்பு இருக்கிறது. அதனால் தொடக்கத்தில் முழு விசையோடு மிதிக்கலாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 270-லிருந்து 90-க்கு இறங்கும்போது அது ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. எனவே வேகம் குறையக் குறையக் காலையும் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். முதல் மிதியில் மோட்டாரின் வேகம் சோதிக்கப்படுகிறது. அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் விசையின் சீரான தளர்ச்சி சோதிக்கப்படுகிறது. கடைசியில் வலப்பக்கம் திரும்பும்போது சிறு விசையின் நுணுக்கம் சோதிக்கப்படுகிறது. ஒரே பிரேக்கிங்கில் நான் மேலே சொன்னவை எல்லாம் வந்துவிடுகின்றன. 200 கிலோ எங்கேயும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

உச்ச விசையைப் பற்றி இன்னொன்று. வீட்டில் ஓட்டும் பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு மணி நேரப் பந்தயத்தில் 40 முதல் 70 கிலோவுக்குள் அமைத்துக்கொண்டால்தான் கால் தாங்கும், ஒரே அளவாகவும் மிதிக்க முடியும். நிஜ ஃபார்முலா 1 ஓட்டுநர் 100 கிலோவுக்கு மேல் அழுத்துகிறார் என்பது உண்மை. ஆனால் அவருடைய உடல் முன்னோக்கி வீசப்படும்போது அந்த வீச்சே காலுக்கு உதவுகிறது. அசையாத இருக்கையில் அந்த உதவி கிடையாது. ஆகவே 110-க்கும் 200-க்கும் இடையிலான வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்த விசையை எவ்வளவு நேரம் தாங்கும்? தொடக்கக் கோட்டில் பிரேக்கை மிதித்தபடி காத்திருக்கும்போது மோட்டார் நகர்வதே இல்லை, ஆனால் முழுச் சுமையையும் தாங்கி நிற்கிறது, சூடாகிறது. விலை குறைந்தவற்றில் உச்ச விசைக்கும் தொடர்ச்சியாகத் தாங்கும் விசைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். சூடு ஏறியதும் பலகை விசையைத் தானாகக் குறைக்கத் தொடங்கும். பந்தயத்தின் நடுவில் பெடலின் கடினம் மாறுவதைவிட எரிச்சலூட்டுவது வேறு இல்லை.

16 பிட் துல்லியம் என்று சொல்லி விலையை ஏற்றுபவர்களும் உண்டு. விசையை எத்தனை படிகளாகப் பிரித்து அளக்கிறது என்பதைத்தான் பிட் எண்ணிக்கை சொல்கிறது. 12 பிட் என்பதே 4,096 படிகள். 100 கிலோவை அதால் வகுத்தால் ஒரு படிக்கு ஏறக்குறைய 24 கிராம். எந்த மனிதக் காலும் 24 கிராம் வேறுபாட்டை மீண்டும் மீண்டும் ஒரேபோல் தராது. அந்த வரியைக் கடந்துபோய்விடுங்கள்.

அதிர்வு விளைவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டியரிங்குக்கு வரும் விசையை விளையாட்டே கணக்கிட்டு அனுப்புகிறது. பெடலுக்கு, பெரும்பாலான சமயங்களில், அப்படி நேரடியாக எதுவும் வருவதில்லை. விளையாட்டு வெளியிடும் டெலிமெட்ரியை, அதாவது காரின் வேகம், சக்கரச் சுழற்சி போன்ற தகவல்களை, பெடல் தயாரிப்பாளரின் மென்பொருளோ சிம்ஹப் என்ற தனி மென்பொருளோ படித்து, 'ஏபிஎஸ் இயங்குகிறது', 'இந்தச் சக்கரம் மற்றவற்றைவிட மெதுவாகச் சுழல்கிறது' என்று கண்டுபிடித்து, அதிர்வைத் தானே உருவாக்குகிறது. ஐரேசிங் என்ற பந்தய விளையாட்டின் வழக்கமான டெலிமெட்ரி நொடிக்கு 60 முறை வருகிறது. அதாவது ஏறக்குறைய 17 மில்லி நொடிக்கு ஒரு தகவல். இந்தத் தாமதம் மலிவான பெடலுக்கும் உயர்தரப் பெடலுக்கும் பொதுவானது. பத்து மடங்கு பணம் கொடுத்தாலும் விளையாட்டு தராத தகவலைப் பெடல் தர முடியாது. எனவே ஏபிஎஸ் அதிர்வுக்காக மட்டும் உயர்தர ஆக்டிவ் பெடல் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் அந்த அதிர்வை அற்பமாகவும் நினைக்க வேண்டாம். ஃபார்முலா 1-இல் ஏபிஎஸ் 1994-லிருந்து தடை செய்யப்பட்டிருக்கிறது. வேறு பல ஃபார்முலா வகைகளிலும் அது இல்லை. அப்படிப்பட்ட காரில் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் காலடியில் ஒரு நடுக்கம் வந்தால், கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்வதற்கு முன்பே கால் தளர்கிறது. வேகம் குறைவதை நிஜக் காரில் உடல் உணர்கிறது, வீட்டில் நாம் உணர்வதில்லை. அந்த இழப்பில் ஒரு பகுதியை இந்த நடுக்கம் ஈடுகட்டுகிறது. இதற்கு அதிர்வு மோட்டாரே போதும் என்பதுதான் என் கருத்து. ஆக்டிவ் பெடலில் அது இன்னும் கூர்மையாக, காலை உண்மையில் திருப்பித் தள்ளும் உதைப்பாக வரும். வேறுபாடு தெரியும். ஆனால் விலை வேறுபாட்டின் அளவுக்குச் சுற்று நேரத்தில் பலன் தராது.

இப்போது சட்டம். லோட் செல் விசையைத்தான் அளக்கிறது, அதனால் சட்டம் சற்று வளைந்தாலும் அளவு சரியாகத்தானே வரும் என்று கேட்கலாம். அளவு சரியாக வரும். ஆனால் கால் உணர்வது பெடலின் கடினத்தை மட்டும் அல்ல. பெடல், அதன் தட்டு, சட்டம், இருக்கையின் முதுகு எல்லாம் சேர்ந்த கடினத்தை. இவற்றில் எது மென்மையோ அதுவே மேலோங்கும். 80 கிலோ விசையில் பெடல் 15 மில்லிமீட்டரும் தட்டு 5 மில்லிமீட்டரும் நகர்ந்தால், கால் உணரும் நகர்வில் நான்கில் ஒரு பங்கு நீங்கள் பணம் கொடுத்து வாங்காத ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. ஆக்டிவ் பெடலில் இது இன்னும் மோசம். ஏபிஎஸ் உதைப்பின் ஒரு பகுதி காலுக்கு வராமல் சட்டத்தை ஆட்டும். முன்னே சொன்ன ரீங்காரமும் தளர்வான சட்டத்தில் சீக்கிரம் கிளம்பும். கைப்பேசியைத் தரையில் வைத்துப் பெடல் தட்டைப் பக்கவாட்டிலிருந்து படம் பிடித்தபடி முழு விசையோடு மிதித்துப் பாருங்கள். பின்னால் ஒரு நேர்க்கோடு தெரியும்படி வைத்தால் வளைவு கண்ணுக்குப் பளிச்சென்று படும். இருக்கையின் முதுகையும் இதேபோல் பார்க்க வேண்டும். பலர் பெடல் தட்டை இறுக்கிவிட்டு, வளைவது முதுகுப்பக்கம்தான் என்பதைக் கவனிப்பதில்லை. சக்கரம் வைத்த அலுவலக நாற்காலியிலோ மடக்கும் வகைச் சட்டத்திலோ ஓட்டுபவர் ஆக்டிவ் பெடலைப் பற்றி யோசிக்கும் முன், 40-க்கு 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அலுமினியக் கம்பிகளால் ஆன சட்டத்துக்கு மாறுவது நல்லது. எந்த விலைப் பெடலாக இருந்தாலும் அதன் தரத்தை வெளிக்கொண்டுவருவது அந்தச் சட்டம்தான்.

சொந்தமாகச் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது. இஎஸ்பி32 என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, ஐஎஸ்வி57 வகைச் சர்வோ மோட்டார், பால் ஸ்க்ரூ, லோட் செல் ஆகியவற்றைக் கொண்டு ஆக்டிவ் பெடல் கட்டும் திறந்தமூலத் திட்டம் ஒன்று பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. வரைபடமும் மென்பொருளும் இலவசம். சாலிடரிங் தெரிந்த, பிழை வந்தால் பொறுமையாகத் தேடக்கூடிய ஒருவருக்கு இது விலை குறைந்த கடைப் பெடல்களைவிட மேலான பலனைத் தரக்கூடும். ஒரே ஓர் எச்சரிக்கை: இது காலைத் தள்ளும் வலிமை கொண்ட இயந்திரம். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் அவசரப் பொத்தானைக் கைக்கெட்டும் தொலைவில் வைக்காமல் ஒருமுறைகூட இயக்காதீர்கள். கடையில் வாங்கும் பெடலுக்கும் இது பொருந்தும். அந்தப் பொத்தானோ அதற்கான இணைப்போ இல்லாத ஆக்டிவ் பெடலை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

விலையோடு சேர்த்து எண்ண வேண்டியது ஆயுள். ஸ்பிரிங்கும் ரப்பரும் கொண்ட பெடலில் தேய்வது ரப்பர் துண்டுகள்தான், மாற்றிவிடலாம். ஆக்டிவ் பெடல் அதன் மென்பொருள் இருக்கும் வரைதான் ஆக்டிவ். தயாரிப்பாளர் புதுப்பிப்புகளை நிறுத்திவிட்டால், புதிதாக வரும் விளையாட்டுகளின் டெலிமெட்ரியை அது படிக்காமல் போகலாம். ஆகவே மலிவான பெடலைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது உச்ச விசையை அல்ல. அந்த நிறுவனம் தன் பழைய தயாரிப்புகளுக்கு இன்னும் புதுப்பிப்புகள் தருகிறதா, மோட்டாரும் பலகையும் தனி உதிரிப்பாகமாகக் கிடைக்கின்றனவா என்பதை. இந்த இரண்டுக்கும் 'ஆம்' என்ற பதில் கிடைத்தால் விலை குறைவு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. இடைவெளி இப்போது வேகமாகக் குறுகி வருகிறது.

கேட்டவரின் நிலைக்கு வருகிறேன். சட்டம் உறுதியாக இருந்து, ஒன்றிரண்டு கார்களை மட்டுமே ஓட்டுகிறீர்கள் என்றால், இருக்கும் லோட் செல் பெடலில் பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் அதிர்வு மோட்டார் சேருங்கள், அத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். பல வகைக் கார்களை ஓட்டுகிறீர்கள் என்றால் மலிவான ஆக்டிவ் பிரேக் ஒன்றை மேலே சொன்ன இரண்டு சோதனைகளோடு மிதித்துப் பாருங்கள்: கடினமான அமைப்பில் அசையாமல் நிற்கிறதா, மெல்ல விடும்போது துள்ளாமல் வருகிறதா. இரண்டிலும் தேறினால் தயங்காமல் வாங்குங்கள். தேறவில்லை என்றால் சேமிப்பைத் தொடருங்கள், பழைய பெடலிலேயே ஓட்டுங்கள். நல்ல லோட் செல் பெடல் மோசமான ஆக்டிவ் பெடலைவிட எப்போதும் மேல். போட்டிகளில் தீவிரமாகப் பங்கேற்று, தினமும் மணிக்கணக்கில் ஓட்டுபவருக்கு மட்டும், உறுதியான சட்டமும் ஏற்கெனவே இருந்தால், உயர்தர ஆக்டிவ் பிரேக்கை மனமார்ந்து பரிந்துரைப்பேன். கிளட்சுக்கு ஆக்டிவ் பெடல் எந்த விலையிலும் தேவையில்லை. இன்றைய பெரும்பாலான பந்தயக் கார்களில் அதன் வேலை புறப்படும்போது மட்டும்தான்.

வாங்கியபின் ஒரு வார்த்தை. முதல் சில நாட்களுக்கு எல்லா அதிர்வுகளையும் அணைத்துவிட்டு, உச்ச விசையை 50 கிலோ அளவில் வைத்து, ஒரே காரில் பழகுங்கள். மென்பொருளின் வரைபடத்தைப் பார்க்காமல் 60 சதவீதம் என்று நினைத்துப் பத்துமுறை மிதித்து, அதன்பின் வரைபடத்தில் புள்ளிகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பாருங்கள். சிதறல் குறையும் வரை விசையை ஏற்ற வேண்டாம். பிறகு சக்கரம் பூட்டிக்கொள்வதற்கான அதிர்வை மட்டும் சேருங்கள். அது பழகியபின் ஏபிஎஸ். எஞ்சின் அதிர்வு, சாலை அதிர்வு ஆகியவற்றைப் பிரேக் பெடலில் சேர்க்கவே வேண்டாம். அவை ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளும் அந்த ஒரு நடுக்கம் காலுக்குத் தனியாகத் தெரியாமல் போய்விடும்.